வீட்டைச் சுட்ட குயவர்

மண்ணைப் பிசைந்து, உருவாக்கி, நெருப்பிலிட்டுக் கலமாக்கும் தொழில் மாந்தர் கற்ற தொழில்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. நம் முன்னோர் குயவரை வேட்கோவர் என்றும் குலாலர் என்றும் அழைத்தனர். தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட முதுமக்கள் தாழிகள், பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டுக் குயவர் எத்துணைப் பெரிய கலங்களை வனைந்தனர் என்பதைக் காட்டி நிற்கின்றன. தில்லையில் மட்கலம் செய்து வாழ்ந்த திருநீலகண்டர் அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகப் போற்றப்படுகின்றார். பொங்கல் நாளில் புதுப்பானை ஏற்றாத சிற்றூர் நம் நாட்டில் முன்னாளில் இல்லை. ஊரெல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரைகளைச் செய்பவரும் வேளாரே ஆவர்.

இத்தகைய பழந்தொழிலில் இனிப் புதுமை காண இடம் உண்டோ என்று சிலர் வினவலாம். உண்டு என்பதற்குச் சான்றாக நம் காலத்தில் வாழ்ந்து காட்டிய ஒருவரின் தொழில் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் ரே மீக்கர். பிறந்தது அமெரிக்க நாட்டில். தொழில் செய்தது புதுச்சேரியில். பானையையும் குடத்தையும் சூளையில் வைத்துச் சுடுதல் எல்லாக் குயவரும் செய்வது. இவரோ வீட்டையே சூளையாக்கிச் சுட்டார்.

புதுச்சேரிக் கடற்கரைக்கு அயல்நாட்டு மட்கலம் புதியதன்று. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், அரிக்கமேடு என்னும் பழந்துறை இருக்கின்றது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் தொல்பொருளறிஞர் அங்கே அகழ்ந்தார். இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட செந்நிறக் கலங்களின் ஓடுகளும், மது நிரப்பிக் கப்பலில் ஏற்றிய சாடிகளின் உடைவுகளும் அவ்விடத்தில் கிடைத்தன. துணி அழிந்தொழிந்த பின்னரும் இரண்டாயிரம் ஆண்டுகளாக மண்ணோடு அழியாமல் நின்று, அங்கு நடந்த வாணிகத்தின் காலத்தை அறிவித்தது. அதே கடற்கரைக்கு இருபதாம் நூற்றாண்டில் வந்தவை அயல்நாட்டுக் கலங்களல்ல, கலஞ்செய்யும் கைகள்.

மீக்கர் 1944ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதலில் கட்டடக் கலையைப் பயின்றார். பின்னர் மட்கலக் கலையில் நாட்டம் கொண்டு அதனையும் கற்றார். வீடு கட்டும் அறிவும் கலம் வனையும் அறிவும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தமை பிற்காலத்தில் பெரும் பயன் தந்தது. அப்பல்கலைக்கழகத்திலேயே டெபரா ஸ்மித் என்னும் அம்மையாரும் மட்கலக் கலை பயின்றார். மீக்கரின் தொழில் வாழ்வை இவ்வம்மையாரின் தொழிலினின்றும் பிரித்துச் சொல்ல இயலாது.

டெபரா ஸ்மித் முன்னரே ஜப்பானிய மொழியைக் கற்றுத் தேர்ந்தவர். அம்மொழியறிவு துணையாக ஜப்பான் சென்று, பிசென் என்னும் ஊரில் குயத்தொழில் பயின்றார். பிசென் கலங்களுக்கு மெருகுப் பூச்சு இடுவதில்லை. அவற்றைப் பைன் மரவிறகால் பல நாள் இரவும் பகலும் ஓயாது எரித்துச் சுடுவர். விறகின் சாம்பல் நெருப்புக் காற்றோடு பறந்து கலத்தின் மேல் படியும். மிகுந்த வெப்பத்தில் அது உருகிக் கண்ணாடி போல ஒட்டிக்கொள்ளும். எந்தக் கலத்தில் எவ்விடத்தில் எந்நிறம் தோன்றும் என்பதைக் குயவர் முற்றும் ஆணையிட்டுக் கூற முடியாது. மண்ணுக்கும் நெருப்புக்கும் உரிய பங்கை அவற்றிற்கு விட்டுவிடும் பணிவே பிசென் குயவரின் கலைநெறி எனலாம்.

அந்நாட்டில் ஹமாதா ஷோஜி என்னும் பெருங்குயவர் இருந்தார். 1894இல் பிறந்து 1978இல் மறைந்த அவரை, ஜப்பானிய அரசு 1955ஆம் ஆண்டில் நாட்டின் வாழும் செல்வங்களுள் ஒருவராக ஏற்றுச் சிறப்பித்தது. அவர் நண்பர் யானகி என்னும் அறிஞர், பெயரறியாத எளிய தொழிலாளர் நாள்தோறும் புழங்குவதற்கென்று செய்யும் கலங்களிலேயே உண்மையான அழகு உறைகின்றது என்று நாட்டிற்கு எடுத்துரைத்தார். இக்கொள்கையின் காற்று நம் நாட்டில் முன்னரே வீசியிருந்தது. சர்தார் குர்சரண் சிங் என்பவர் 1919ஆம் ஆண்டில் ஜப்பான் சென்று, மட்கலத் தொழிலைக் கற்று, மேற்கூறிய அறிஞர்களோடு பழகி, 1922இல் மீண்டார். 1952இல் தில்லியில் மட்கலத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அவருக்கு இந்திய அரசு 1991இல் பத்மசிறீ விருது அளித்தது. வடக்கே அவர் இட்ட வித்தினைப் போன்றே தெற்கேயும் ஒரு வித்து ஊன்றப்படுவதாயிற்று.

டெபரா ஸ்மித் ஜப்பானிலிருந்து புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் சார்பில் மட்கலப் பட்டறை ஒன்று தொடங்கும் பணி அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. மீக்கரும் வந்து சேர்ந்தார். 1971ஆம் ஆண்டில் இருவரும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் பட்டறையைத் தொடங்கினர். அப்பெயருக்குப் பொற்பாலம் என்பது பொருள். கிழக்கு நாட்டுக் கைத்திறனையும் மேற்கு நாட்டு ஆராய்ச்சியையும் தமிழ் மண்ணில் இணைத்த பட்டறைக்கு அது பொருத்தமான பெயரே ஆகும்.

அவர்கள் மேற்கொண்ட பணியின் அருமையை உணர வேண்டுமாயின், மண் கலமாவது எங்ஙனம் என்பதை நாம் சிறிது அறிதல் வேண்டும். ஈரக் களிமண்ணை வெயிலில் உலர்த்தினால் அது கெட்டிப்படும். மீண்டும் நீரில் இட்டால் கரைந்து சேறாகும். அதனைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பத்தைக் கடக்கச் செய்தால், மண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் நீங்கிவிடும். அதன்பின் அதனை எத்துணைக் காலம் நீரில் ஊறவைத்தாலும் அது சேறாக மாறுவதில்லை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டா என்னும் பழமொழி இவ்வுண்மையை அடியாகக் கொண்டு எழுந்ததே.

நம் ஊர்ச் சூளைகளில் வேகும் பானைகள் பெரும்பாலும் 1,000 பாகைக்கு உட்பட்ட வெப்பத்தில் சுடப்படுவன. அவற்றில் நுண்ணிய துளைகள் எஞ்சியிருக்கும். கோடையில் மண்பானை நீர் குளிர்வது அத்துளைகளாலேயே. நீர் மெல்லக் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தை உடன்கொண்டு செல்கின்றது. ஆனால் தகுந்த மண்ணைத் தேர்ந்து 1,200 முதல் 1,300 பாகை வரை சூடேற்றினால், மண்ணின் ஒரு பகுதி உருகித் துளைகளை அடைத்துக்கொள்ளும். கலம் கல்லைப் போல் இறுகும், தட்டினால் மணி போல் ஒலிக்கும், நீரை உறிஞ்சாது. நம் வீட்டில் ஊறுகாய் இட்டு வைக்கும் கனத்த சாடி இவ்வகையினதே. புதுச்சேரிப் பட்டறையினர் இவ்வகைக் கலங்களையே செய்யத் துணிந்தனர்.

அத்துணை வெப்பத்தைத் தாங்கும் மண் எல்லாவிடத்தும் கிடைப்பதன்று. அக்காலத்தில் நம் நாட்டில் கலைக்குயவர்க்கு வேண்டிய பதப்படுத்திய மண்ணும் மெருகுப் பொருள்களும் கடையில் எளிதாக வாங்கத்தக்கனவாய் இல்லை. ஆகவே மண்ணைத் தேடுவதும், அதனோடு இன்னதை இத்துணைப் பங்கு சேர்ப்பது எனக் கணிப்பதும், சிறு துண்டுகளைச் சுட்டு ஆராய்வதும் அவர்களுடைய நாட்பணியாயின. மெருகு என்பது கலத்தின் மேல் உருகிப் படியும் ஒருவகைக் கண்ணாடியே. மணலில் உள்ள சிலிகா தனியே உருகுவதற்கு 1,700 பாகை வேண்டும். சாம்பலில் உள்ள சுண்ணமும் சாம்பலுப்பும் அதனோடு சேர்ந்தால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகும். ஆகையால் அடுப்பிலிருந்து நாம் வாரிக் கொட்டும் சாம்பல் குயவர்க்கு அரும்பொருளாகின்றது. நம் கடற்கரையோரத்தில் செழித்து வளரும் சவுக்கு மரமே அவர்கள் சூளைக்கு விறகாயிற்று. பிசெனில் பைன் மரம் ஆற்றிய பணியைப் புதுச்சேரியில் சவுக்கு ஆற்றியது.

சூளையின் உள்ளே வெப்பம் எவ்வளவு என்பதை அறியக் குயவர் ஒரு நுண்ணிய வழியைக் கையாள்வர். இன்ன வெப்பத்தில் இளகும் என்று வரையறுத்துச் செய்த சிறு மண்கூம்புகளைச் சூளையின் துளைக்கு எதிரே நிறுத்தி வைப்பர். செருமானிய நாட்டுச் செகர் என்பவர் 1886ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டார். கூம்பு தலைசாய்ந்தால் அவ்வெப்பம் வந்துவிட்டதென்று கொள்வர். எனினும் சூளையைத் திறக்கும் வரை எதனையும் உறுதியாகக் கூறுவதற்கில்லை. பல வார உழைப்பு ஓரிரவில் வீணாகலாம். சூடு விரைந்து ஏறினால் கலம் வெடிக்கும், மிகுந்தால் வளையும், குறைந்தால் மெருகு உருகாது. சூளை பிழையைப் பொறுப்பதில்லை, பொறுமையைக் கற்பிக்கின்றது.

இப்பட்டறையில் உள்ளூரைச் சேர்ந்த ஆடவரும் பெண்டிரும் பயிற்சி பெற்றுத் தொழில் புரிந்தனர். கிண்ணம், தட்டு, தேநீர்க் குவளை, நீர்ச்சாடி முதலிய புழங்கு கலங்களின் வடிவங்களையும் தூரிகை வேலைப்பாட்டையும் டெபரா ஸ்மித் வகுத்தளித்தார். மீன், இலை, மூங்கில் போன்றவற்றைச் சிலவே கோடுகளால் எழுதிக் காட்டுவது ஜப்பானிய முறை. உண்பதற்கும் பருகுவதற்கும் உரிய கலம் அழகுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நாள்தோறும் ஒரே வடிவத்தைப் பலமுறை செய்தும் அதில் உயிர் குன்றாமல் காப்பது அரிய திறமையாகும். அத்திறமை ஒருவரிடமே தங்கிவிடாமல் ஒரு பட்டறையின் பொதுச்செல்வமாக வளர்ந்தது. புதுச்சேரிக் கலங்கள் நாடெங்கும் புகழ் பெற்றன. பின்னாளில் அந்நகரிலும் அடுத்துள்ள ஆரோவில்லிலும் பல மட்கலப் பட்டறைகள் தோன்றுவதற்கு இதுவே தூண்டுகோலாய் அமைந்தது.

கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பதிலும் மீக்கர் தளரவில்லை. 1980களில் தொடங்கி, இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த மாணவரைத் தம் பட்டறையில் ஏற்றுப் பயிற்றினார். பல மாதங்கள் தங்கி, மண்ணைப் பிசைதல் முதல் சூளையை எரித்தல் வரை எல்லாவற்றையும் தம் கையாலேயே அவர்கள் செய்து பழக வேண்டும். வினீத் கக்கர், ஆதில் ரைட்டர், சர்பாணி தாஸ்குப்தா முதலிய கலைஞர்கள் அங்குப் பயின்று பெயர் பெற்றவர்கள். 2018ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மட்கலக் கலை முப்பருவ விழா செய்ப்பூர் நகரிலுள்ள சவகர் கலா கேந்திராவில் நிகழ்ந்தது. அதனை முன்னின்று நடத்தியோருள் சிலர் புதுச்சேரியில் மண் பிசைந்து கற்றவர்களே ஆவர்.

இனி, இப்பாடத்தின் தலைப்பிற்கு வருவோம். கட்டடக் கலை கற்ற மீக்கருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. செங்கல்லைத் தனியே சூளையில் சுட்டு, வண்டியில் ஏற்றி வந்து, சுண்ணத்தாலோ சிமெண்டாலோ ஒன்றோடொன்று ஒட்டி வீடு கட்டுகின்றோம். அங்ஙனமன்றிப் பச்சை மண்ணால் வீட்டைக் கட்டிவிட்டு, அவ்வீட்டையே உள்ளிருந்து தீயிட்டுச் சுட்டால் என்ன? சுவரும் கூரையும் ஒரே கலம் போல் இறுகிவிடுமன்றோ? இரும்பும் மரமும் சிமெண்டும் மிகுதியாக வேண்டா. மழையில் கரையும் மண்வீட்டில் வாழும் ஏழையர்க்கு, மழைக்குக் கரையாத மண்வீடு கிடைக்குமே!

இவ்வெண்ணத்திற்கு வழிகாட்டிகள் இருவர் இருந்தனர். ஒருவர் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் அசன் பாத்தி. மரச்சாரமும் தாங்குசட்டமும் இன்றியே பச்சைச் செங்கற்களைச் சாய்வாக அடுக்கி வளைகூரை எழுப்பும் பழைய நூபிய முறையை அவர் உலகிற்கு நினைவூட்டினார். மற்றொருவர் ஈரான் நாட்டில் 1936இல் பிறந்த நாதர் கலீலி. பெருநகரங்களில் உயர்ந்த கட்டடங்களை அமைத்துவந்த அவர், 1975ஆம் ஆண்டில் அத்தொழிலை விடுத்துப் பாலைநிலத்து ஊர்களைச் சுற்றினார். மண்வீடுகள் இடிந்து கிடந்த இடங்களிலும் பழைய குயவர் சூளைகள் உறுதியாக நிற்பதைக் கண்டார். நெருப்புப் பட்டதனாலேயே அவை நிலைத்தன என்று தெளிந்தார். சில மண்வீடுகளையும் ஒரு பள்ளிக் கட்டடத்தையும் அவ்வாறே சுட்டுக் காட்டினார்.

மீக்கர் 1985ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கு மேல் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். ஆரோவில்லில் அவர் எழுப்பிய வீடொன்றுக்கு ‘அக்னி ஜாதா’ என்பது பெயர். நெருப்பிற் பிறந்தது என்பது அதன் பொருள். அம்முறை வருமாறு: பச்சைச் செங்கல்லாலும் களிமண் சாந்தாலும் தடித்த சுவர்களை எழுப்பி, மேலே வளைகூரையோ கவிமாடமோ அமைப்பர். வளைவு வடிவம் இன்றியமையாதது. ஏனெனின், மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வளைகூரையில் பாரம் முழுவதும் அமுக்கமாகவே கீழிறங்குகின்றது. கட்டடம் நன்கு உலர்ந்தபின் கதவு, பலகணிகளின் இடத்தை அடைத்து, அடியில் அடுப்புவாய் வைத்து, விறகிட்டு எரிப்பர்.

இங்கேதான் மீக்கரின் புதுமை விளங்குகின்றது. வெறும் வீட்டைச் சுட்டால் விறகின் பெரும்பகுதி வீணாகும். சூளையென்றால் அதன் வயிறு நிறைந்திருத்தல் வேண்டும். ஆதலால் வீட்டின் உள்ளே பச்சைச் செங்கற்களையும் ஓடுகளையும் பிற மண்பொருள்களையும் நிறைய அடுக்கினார். வீடு வேகும்போதே அவையும் வேகும். நெருப்பு அடங்கியதும் அப்பொருள்களை வெளியே எடுத்து விற்றால், விறகின் செலவு அதிலிருந்தே திரும்பும். வீடே சூளை, சூளையே வீடு, சூளைப்பொருள் வீட்டின் செலவுக்கு ஈடு. எண்ணிப் பார்க்கும்போது எத்துணை அழகிய திட்டம்!

செய்கையில் இறங்கியபோது இடர்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. பானையின் சுவர் விரற்கடை அளவினது. வீட்டின் சுவரோ முழக்கணக்கினது. உட்புறம் செக்கச் சிவந்து வெந்த வேளையிலும் வெளிப்புறத்திற்கு வெப்பம் எட்டுவது கடினம். மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்கினால் சுவர் வெடிக்கும். சுவரினுள் ஈரம் எஞ்சியிருக்கத் தீ விரைந்து எழுந்தால் நீராவி வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளக்கும். ஆகவே முதலில் சிறுதீ, பின்னர் நடுத்தரம், இறுதியிலேயே பெருந்தீ. இரவும் பகலும் விழித்திருந்து விறகிட்டுக் காக்க வேண்டும். வெறும் பானை உடைந்தால் வேறு பானை வனையலாம். வீடு பிளந்தால் என் செய்வது? எனினும் மீக்கர் அஞ்சாமல் கட்டடத்திற்குக் கட்டடம் முறையைத் திருத்திக்கொண்டே சென்றார். சுடப்பட்ட வீடுகள் எழுந்தன. மாந்தர் அவற்றில் குடிபுகுந்தனர். மண்ணால் கட்டிய வீட்டை இருந்த இடத்திலேயே சுட முடியும் என்பது நம் மண்ணில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும், முடியும் என்பது வேறு. தகும் என்பது வேறு. ஏழையர் எளிதில் கட்டத்தக்க மலிவான வீடு என்பதே மீக்கரின் குறிக்கோளாக இருந்தது. அக்குறிக்கோளை அம்முறை எட்டவில்லை. வளைகூரை எழுப்பவும் தீயைக் காக்கவும் தேர்ந்த கைகள் வேண்டும். உள்ளே சுட்ட பொருள்கள் உடனுக்குடன் விலைபோதல் வேண்டும். விறகுக்கு மரங்களை வெட்டுதல் வேண்டும். ஒரு வீட்டிற்குப் பொருந்துவது ஓராயிரம் வீடுகளுக்குப் பொருந்துமாயின் காடுகள் என்னாகும்? இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்த மீக்கர், தாம் பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்ட அம்முயற்சியை நிறுத்தினார்.

மாணவர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒரு செயலைத் தொடங்கத் துணிவு வேண்டும். அதனைத் தொடர உறுதி வேண்டும். அது கருதிய பயனைத் தரவில்லை என்று கணக்குக் காட்டும்போது அதனை ஒப்புக்கொள்ள நேர்மை வேண்டும். முதலிரண்டும் பலரிடம் உண்டு; மூன்றாவது சிலரிடமே உண்டு. மீக்கர் தம் வீடுகளைப் புகழ்ந்துரைத்துப் பெயர் தேடிக்கொண்டு அமைந்திருக்கலாம். அவரோ தம் ஆராய்ச்சி முழுவதையும் ‘பில்டிங் வித் ஃபயர்’ என்னும் நூலாக எழுதி வெளியிட்டார். நெருப்பால் கட்டுதல் என்பது அத்தலைப்பின் பொருள். ஒருவர் எட்டாது நின்ற இடம் எதுவென்று தெளிவாக எழுதி வைத்தால், பின்வருபவர் அவ்விடத்திலிருந்தே தம் நடையைத் தொடங்கலாம். மறைக்கப்பட்ட தவறு மீண்டும் மீண்டும் செய்யப்படும். எழுதப்பட்ட தவறோ பாடமாகும்.

அவருடைய உழைப்பும் வீண்போகவில்லை. வீட்டைச் சுட்டுப் பழகிய கைக்குப் பெரிய உருவங்களைச் சுடும் ஆற்றல் கைவந்தது. பிற்காலத்தில் மீக்கர் ஆளுயரத்தையும் விஞ்சும் மட்சிற்பங்களைப் படைத்தார். இடிந்த வாயில்களையும் சிதைந்த தூண்களையும் நினைவூட்டும் அவ்வுருவங்கள், மாந்தர் இயற்கையை அளவின்றிச் சுரண்டினால் வரக்கூடிய கேட்டினைப் பேசாமற் பேசின. விறகின் கணக்கைப் பார்த்து ஒரு கனவைக் கைவிட்ட ஒருவர், புவியின் கணக்கைப் பற்றிக் கவலை கொண்டமை வியப்பன்று.

இவ்வரலாற்றைக் கற்கும்போது நம்மூர்ச் சூளையையும் நாம் நினைத்தல் வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் உள்ள உப்பிலியபுரம் போன்ற ஊர்களில் வளரும் மாணவர்க்குச் செங்கற்சூளையும் மண்பானையும் அறியாதன அல்ல. நாள்தோறும் காண்பதனாலேயே அவற்றை நாம் எளியனவாகக் கருதுகின்றோம். குயவனுக்குப் பலநாள் வேலை, தடிகொண்டு உடைப்பவனுக்கு ஒரு நொடி வேலை என்று நம் முதியோர் கூறுவர். ஆக்குவதன் அருமையை ஆக்கிப் பார்த்தவரே அறிவர். ஊர் வேளாரின் விரல்களுக்குத் தெரிந்த செய்தி, நூல்களில் எழுதப்படாத அறிவாகும். எந்த மண்ணில் எவ்வளவு மணல் சேர்க்க வேண்டும், எந்த மாதத்தில் எத்தனை நாள் உலர்த்த வேண்டும், புகையின் நிறம் எப்போது மாறும் என்பனவற்றை அவர் ஏட்டுக்கணக்கின்றி அறிவார். அயல்நாட்டினர் கடல் கடந்து வந்து கற்கத்தக்கதாகக் கருதிய தொழிலை, அதன் அண்டையிலேயே வாழும் நாம் தாழ்வாக எண்ணலாமோ?

எந்தத் தொழிலும் தன்னளவில் தாழ்ந்ததன்று. பழையதாயினும் ஆராய்ச்சியோடு அணுகினால் அது புதுமை தரும். தொடங்கிய முயற்சி கருதிய பயனைத் தராதபோது, அதனை அளந்து பார்த்து உண்மையை உரைப்பது இழிவாகாது, அதுவே அறிவுடைமை. பச்சை மண் நெருப்பைக் கடந்தே கலமாகின்றது. கலமான பின் நீருக்கு அஞ்சுவதில்லை. மாந்தர் முயற்சியும் அத்தகையதே. ஆராய்ச்சி என்னும் நெருப்பில் இட்டபோது கரையாமல் எஞ்சுவது எதுவோ, அதுவே நிலைத்த செல்வம்.

பயிற்சி

1. சுட்ட மண் நீரில் கரையாமைக்குக் காரணம் யாது?

2. மண்பானையில் நீர் குளிர்வதற்கும், ஊறுகாய்ச் சாடியில் நீர் கசியாமைக்கும் உரிய காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.

3. மட்கலத் தொழிலில் சாம்பல் பயன்படும் வகையை விளக்குக.

4. வீட்டைச் சுடும் முறையையும், அதன்கண் நேர்ந்த இடர்களையும் கட்டுரையாக வரைக.

5. “முடியும் என்பது வேறு, தகும் என்பது வேறு.” இக்கூற்றினை மீக்கரின் முயற்சியைக் கொண்டு தெளிவுறுத்துக.

6. உங்கள் ஊரில் உள்ள குயவரையோ செங்கற்சூளை வைத்திருப்பவரையோ கண்டு, அவர் மண்ணைப் பதப்படுத்தும் முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.